தோல்வி: குறைந்தது முந்நூறு சொற்கள்

எதிரெதிரே மேசை போட்டுப் பதினெட்டு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆசிரியர்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு நாள் தலைசாய்ப்பு வைத்த சுழல் நாற்காலி வந்து இறங்கினால், மற்றவரால் அன்றைக்குப் பாடம் நடத்த முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் கல்லூரியில் வேலை பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

நாற்காலி வந்தது இலக்கிய ஆசிரியருக்கு. வராமல் போனது புவியியல் ஆசிரியருக்கு. இந்தக் கதை வராமல் போனவருடையது.

புவியியல் ஆசிரியருக்கு மாணவர்கள் அட்லஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்குப் போவார். இலக்கிய ஆசிரியருக்கு உருக்கம் என்று பெயர். வருகைப் பதிவேட்டை வாசித்தாலும் அவருக்குக் குரல் தழுதழுக்கும். வராத பையனின் பெயரில் ஒரு கணம் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பார். அந்தப் பையன் செத்துகித்துப் போய்விட்டானோ என்று வகுப்பு பயந்துபோகும்.

நாற்காலியைக் கொடுத்தது எண்ணிமக் கற்பித்தல் மறுசிந்தனை மையம். முதல்வர் நான்கு வருஷத்துக்கு முன்பு எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்து, "உலகம் பூரா டிஜிட்டல் புராஜெக்ட் பண்றாங்க. நாம இன்னும் போர்டுலயே கிறுக்கிட்டிருக்கோம்" என்று வருத்தப்பட்டதில் பிறந்த மையம் அது. நூலகத்தின் வாசிப்பறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஆறு கணினிகள் வந்தன. தூசி படக்கூடாது என்று உறை போட்டார்கள். உறை கழன்றதை யாரும் பார்த்ததில்லை. ஒரு காப்பி இயந்திரம் வந்தது. அதை இயக்குவதற்கென்று சொல்ல முடியாது, ஆனால் அதன் பக்கத்திலேயே எப்போதும் நிற்கும் ஓர் இயக்குநர் அம்மையாரும் வந்தார்.

விதி எளிமையானது. ஒவ்வோர் ஆசிரியரும் வருஷத்துக்கு ஒரு பாடத்தில் மாணவர்களை வைத்து ஓர் எண்ணிமத் திட்டம் செய்ய வேண்டும். முடிந்ததும் ஆசிரியர் அதைப் பற்றி ஆழ்ந்து யோசித்து ஒரு மறுசிந்தனை அறிக்கை எழுத வேண்டும். முதல் வருஷம் மையம் திட்டங்களையும் பார்த்தது, அறிக்கைகளையும் பார்த்தது. திட்டங்களில் சில நன்றாக இருந்தன, சில நன்றாக இல்லை, அதனால் மனஸ்தாபம் வந்தது. இரண்டாம் வருஷத்திலிருந்து திட்டங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"செஞ்சது பழசு சார். செஞ்சதைப் பத்தி யோசிக்கிறதுதான் புதுசு" என்று இயக்குநர் அம்மையார் விளக்கினார்.

உருக்கம் மூன்று வருஷமும் பரிசு வாங்கினார். முதல் வருஷம் அவருடைய மாணவர்கள் ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யப் போனார்கள். ஒலிப்பதிவுக் கருவியை யாரும் முடுக்கவில்லை. 'மௌனத்தைப் பதிவு செய்தல்' என்று பதினோரு பக்கம் எழுதினார். தலைசாய்ப்பு நாற்காலி கிடைத்தது. இரண்டாம் வருஷம் ஓர் இணையதளம். அது திறக்கவே இல்லை. 'தட்டியும் திறவாத கதவு' பதினேழு பக்கம். கார் நிறுத்த மர நிழலில் தனி இடம் கிடைத்தது. மூன்றாம் வருஷம் அவர் திட்டத்தைத் தொடங்கவே இல்லை. 'தொடங்காமை என்னும் ஆசான்' என்ற அறிக்கையை மேடையில் வாசித்தபோது வேதியியல் ஆசிரியை எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதற்குப் பரிசாக உருக்கத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்புக் குறைந்தது. சிந்திக்க நேரமாம். அந்த ஒரு மணி நேரம் அவருடைய மாணவர்களைச் சத்தம் போடாமல் உட்கார வைத்திருக்கும் வேலை அட்லஸின் அட்டவணையில் வந்து விழுந்தது.

அட்லஸுக்கு வயிறு எரிந்தது. உருக்கம் உட்காரும்போது அந்த நாற்காலி மெல்ல ஒரு பெருமூச்சு விடும். அட்லஸின் மர நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. கீழே பழைய வினாத்தாளை எட்டாக மடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பெருமூச்சுக்கும் அவர் பேனா நின்றது. ஒரு நாள் எண்ணிப் பார்த்தார். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் முப்பத்தோரு பெருமூச்சு.

"உங்களுக்கு அந்த நாற்காலி மேலயே கண்ணு" என்றாள் மனைவி. அவள் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். மனிதர்கள் வலியில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, கத்தாதவர்களின் வலியையும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள்.

"நாற்காலி யாருக்கு வேணும்? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அந்த நியாயத்துக்குத் தலைசாய்ப்பு இருக்கணுமா?"

அட்லஸ் அந்த வருஷம் பரிசை வாங்கியே தீருவது என்று தீர்மானித்தார். தீர்மானித்த பிறகு அவர் செய்த பெரிய தப்பு, நல்ல திட்டமாக ஒன்றைச் செய்ததுதான்.

ஊரில் மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். அட்லஸ் தன் இரண்டாம் ஆண்டு வகுப்பின் இருபத்தாறு பேரிடமும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட அளவுகுச்சிகளைக் கொடுத்து அனுப்பினார். மழை விட்டதும் விடாததுமாக அவர்கள் தெருத்தெருவாகப் போய் அளந்தார்கள். கைபேசியில் பதிந்தார்கள். வரைபடத்தில் கணுக்கால் அளவுக்கு மஞ்சள், முழங்காலுக்கு ஆரஞ்சு, இடுப்புக்குச் சிவப்பு. அட்லஸ் வகுப்பறையில் இருந்தபடி பலகையில் சரிவுகளை வரைந்து, எது எங்கே வடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர்களுக்குத் தலைவி போல இருந்தவள் ஒரு மெலிந்த பெண். அப்பாவின் ரப்பர் பூட்ஸை இரண்டு ஜோடிக் காலுறைக்கு மேல் மாட்டிக்கொண்டு வருவாள். அதனால் அவள் பெயர் பூட்ஸ். அவள்தான் சட்டம் போட்டாள்: ஒரு இடத்தில் மூன்று தடவை அளக்க வேண்டும், மூன்றும் ஒத்துப்போனால்தான் வரைபடத்தில் ஏற்ற வேண்டும்.

முதல் பெரிய மழையில் அந்த வரைபடத்தை நாற்பது பேர் பார்த்தார்கள். மூன்றாவது மழையில் நாலாயிரம் பேர். பால் வண்டிக்காரர்கள் பார்த்தார்கள், பள்ளிக்கூட வேன்காரர்கள் பார்த்தார்கள். அட்லஸின் மைத்துனன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். வண்டியில் கைபேசியை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியே வாங்கிவிட்டான்.

"மாமா, நீங்க இத்தனை வருஷம் படிச்சதுக்கு இப்பதான் எனக்கு ஒரு உபயோகம்" என்றான்.

அட்லஸ் பூரித்துப்போய் மையத்தின் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். ஆறு கேள்விகள் கடகடவென்று முடிந்தன. ஏழாவது கேள்வி: 'இத்திட்டத்தில் தாங்கள் அடைந்த தோல்வி யாது? அதைத் தாங்கள் எங்ஙனம் உணர்ந்தீர்கள்? குறைந்தது முந்நூறு சொற்கள்.'

'தோல்வி இல்லை' என்று எழுதினார்.

'இன்னும் 298 சொற்கள் தேவை' என்று சிவப்பெழுத்தில் வந்தது.

'தோல்வி எதுவும் இல்லை' என்று திருத்தினார். 297 ஆனது.

மறுநாள் மையத்துக்குப் போனார். இயக்குநர் அம்மையார் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தார்.

"மேடம், எங்க புராஜெக்ட் நல்லா வந்திருக்கு. நாலாயிரம் பேர் பார்க்கிறாங்க. ஏழாவது கேள்விக்கு எழுத ஒண்ணும் இல்ல."

அம்மையார் அவரைக் கனிவோடு பார்த்தார். சோதனை முடிவு வந்த பிறகு மருத்துவர்கள் பார்க்கும் கனிவு.

"ஜெயிச்சவங்க யாரும் யோசிக்கிறதில்ல சார். அவங்களுக்கு அவசியம் இல்ல. யோசனையை மதிப்பிடறதுக்குத்தான் இந்த மையம். நீங்க ஜெயிச்சுட்டு வந்து நின்னா நாங்க எதை மதிப்பிடறது?"

"ஒரு தடவை அந்த வரைபடத்தைத் திறந்து பாருங்க."

"ஐயோ, அது முறையில்ல. புராஜெக்டைப் பார்த்தா பாரபட்சம் வந்துடும். மூணு வருஷமா ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல. அந்த ஒரு விஷயத்துல என் பேர்ல யாரும் குத்தம் சொல்ல முடியாது."

கடைசியில், பக்குவம் இல்லாதவர்களுக்காக மையம் நடத்தும் 'தோல்வியைத் தழுவுவோம்' பயிலரங்கில் அவரைச் சேர்த்துவிட்டார். பதினான்கு ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருவராகத் தோல்வியைச் சொல்ல வேண்டும். வேதியியல் ஆசிரியை தன் மாணவர்கள் எடுத்த காணொளி முழுவதும் தலைகீழாக இருந்ததைச் சொன்னார், கைதட்டினார்கள். கணித ஆசிரியர் தன் திட்டத்தில் இரண்டு பிழைகள் என்றார். "எண்ணிக்கை வேண்டாம் சார், வலி எங்க?" என்று கேட்டார் அம்மையார். கணித ஆசிரியர் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, முதுகில் என்றார்.

அட்லஸின் முறை வந்தது.

"எனக்கு ஒண்ணும் தோணலை மேடம்."

"பசங்க யாராவது அழுதாங்களா?"

"இல்ல. ஒரு பொண்ணு வழுக்கி விழுந்தா. எழுந்து சிரிச்சா."

"சிரிச்சாளா?" என்று அம்மையார் ஏமாற்றத்தோடு குறித்துக்கொண்டார்.

வெளியே வரும்போது நடையில் காத்திருந்த உருக்கம் அவர் தோளில் கை போட்டார். "மனசைத் திறங்க. முதல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு வேணும்னா நான் எழுதினதைத் தரேன், ஒரு மாதிரிக்கு."

தோளில் விழுந்த அந்தக் கைதான் அட்லஸைக் கவிழ்த்தது. உருக்கம் ஏளனம் செய்திருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். உதவ வந்துவிட்டார். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அட்லஸ் ஏழாவது கேள்விக்கு மூவாயிரம் சொற்கள் எழுதினார். வரைபடம் தப்பு என்று எழுதினார். அதை நம்பிப் போனவர்கள் நனைந்தார்கள் என்று எழுதினார். பிறகு யாருமே பார்க்கவில்லை என்று எழுதினார். கை தானாக ஓடியது. 'நான் தெருவின் ஆழத்தை அளந்தேன். என் ஆழத்தை அளக்கவில்லை' என்று ஒரு வரி வந்ததும் அவருக்கே மெய்சிலிர்த்தது. அந்தச் சூட்டோடு இன்னொரு வரியும் எழுதினார்: 'மாணவர்கள் அளக்கத் தெரியாமல் அளந்தார்கள், நான் கற்பிக்கத் தெரியாமல் கற்பித்தேன்.'

நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண். இந்த வருஷத்துப் பரிசு அட்லஸுக்கு. உருக்கத்துக்குத் தொண்ணூற்று ஒன்று.

புது நாற்காலி வந்து இறங்கியது. இதற்குக் கைப்பிடியிலும் மெத்தை. அட்லஸ் உட்கார்ந்தார், நாற்காலி பெருமூச்சு விட்டது. எதிர் மேசையில் உருக்கத்தின் பேனா நின்றதைக் கடைக்கண்ணால் பார்த்தார். எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அன்று முழுவதும் அவசியம் இல்லாமல் பலமுறை எழுந்து உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமான நாள் அவருக்கு இருந்ததில்லை.

நான்காம் நாள் உருக்கம் மையத்துக்கு ஒரு மனு எழுதினார். அட்லஸின் தோல்வி போலியானது, அந்த வரைபடம் நன்றாக வேலை செய்கிறது, உண்மையாகவே தோற்றவர்களுக்கு இது அநீதி என்று அதில் இருந்தது. படித்தவர்கள் கண்கலங்கியதாகக் கேள்வி.

மையம் உடனே தோல்வி மெய்ம்மை ஆய்வுக் குழுவை அமைத்தது. முதல்வர், இயக்குநர் அம்மையார், மூன்றாமவராகத் துறை வல்லுநர் ஒருவர் வேண்டுமே என்று உருக்கம். வெள்ளிக்கிழமை விசாரணைக்குச் சாட்சியாகப் பூட்ஸைக் கூப்பிட்டார்கள். வெளியே வெயில் அடித்தும் அவள் பூட்ஸோடுதான் வந்தாள்.

"நீங்க அளந்ததெல்லாம் தப்புதானேம்மா? பயப்படாம சொல்லு" என்றார் முதல்வர்.

"இல்ல சார். மூணு தடவை அளப்போம். ஒத்துப்போகலைன்னா போட மாட்டோம்."

"உங்க சாரே தப்புன்னு எழுதியிருக்காரே?"

அவள் அட்லஸைப் பார்த்தாள். அம்மையார் அறிக்கையின் அந்தப் பக்கத்தை நகர்த்திக் கொடுத்தார். பூட்ஸ் விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"சார், 'அளக்கத் தெரியாமல் அளந்தார்கள்'னு போட்டிருக்கே. இது யாரைப் பத்தி?"

"அது... பொதுவா சொன்னதும்மா."

"பொதுவான்னா நாங்க இருபத்தாறு பேருதானே சார்?"

அட்லஸ் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் காகிதத்தை ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு, போகலாமா என்று முதல்வரிடம் கேட்டாள். அட்லஸிடம் கேட்கவில்லை.

குழு காப்பி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது.

"அறிக்கை ஒண்ணு சொல்லுது, புராஜெக்ட் வேற ஒண்ணு சொல்லுது. ரெண்டும் பொருந்தணும் சார்" என்றார் அம்மையார். "ஒண்ணு, அறிக்கையை வாபஸ் வாங்குங்க. பரிசு அடுத்த மதிப்பெண் வாங்கினவருக்குப் போயிடும். இல்லைன்னா புராஜெக்டை அறிக்கைக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணுங்க."

"சரி பண்றதுன்னா?"

"மூடிடுங்க. திங்கக்கிழமை விழா. அதுக்குள்ள."

முதல்வர் ஆமோதித்தார். "பதிவேடு முக்கியம் இல்லையா? நாளைக்கு யாராவது வந்து பார்த்தா, நம்ம கல்லூரியில ஒரு புராஜெக்ட் நல்லா நடந்துட்டிருக்குன்னு தெரிஞ்சா, நாம என்ன பதில் சொல்றது?"

நடையில் உருக்கம் அவரை நெருங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தோல்வியில உயிர் இல்லைன்னு எனக்கு மொதல்லயே பட்டுச்சு. தோத்தவனுக்குத் தெரியும்." அவர் கண்ணில் இருந்தது பொறாமை என்று அட்லஸுக்குத் தெரிந்தது. கண்ணாடியில் தினமும் பார்த்ததுதான்.

பரிசு போனால் போகட்டும் என்று அட்லஸ் அன்றிரவு முழுக்கச் சொல்லிப் பார்த்தார். போகட்டும் என்பது வரைக்கும் மனசு வந்தது. அது யாரிடம் போகும் என்று நினைத்ததும் திரும்பி ஓடியது. நான்காவது முறை வாங்கினால் ஒரு வகுப்பறைக்கே உருக்கத்தின் பெயரை வைப்பார்கள் என்று பேச்சு. ஆயுள் முழுக்க அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நுழைந்து பாடம் நடத்த வேண்டும். சனிக்கிழமை காலை ஆளில்லாத கல்லூரிக்குப் போய்க் கணினியைத் திறந்தார். அந்த நேரத்தில் அறுபத்தோரு பேர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'உறுதியாக மூடவா?' என்று கேட்டது. அழுத்தினார். அறுபத்தொன்று பூஜ்யம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்கு மனைவி நனைந்து வந்தாள். பின்னாலேயே மைத்துனன் வந்தான். இடுப்புக்குக் கீழே சேறு.

"மாமா, உங்க மேப்புக்கு என்ன ஆச்சு? காலையில இருந்து திறக்கவே மாட்டேங்குது."

"ஏதோ... பராமரிப்புன்னு நினைக்கிறேன்."

"பாலத்தடியில வண்டி நின்னுடுச்சு மாமா. உள்ள பிரசவ கேஸு. எந்தப் பக்கம் திருப்புறதுன்னு தெரியல. முக்கால் மணி நேரம். அக்காவுக்கு போன் போட்டு, அக்கா ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணோட அம்மாதான் குழந்தையைக் கையில புடிச்சாங்க."

அட்லஸ் மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு உசுரும் நல்லா இருக்கு" என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டே. "அது அவங்க அதிர்ஷ்டம். என்ன பராமரிப்பு?"

அவர் சொன்னார். படிவம், குழு, சனிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். மைத்துனனுக்கு முழுசாகப் புரியவில்லை. "நல்லா ஓடுதுன்னுதானா மூடச் சொன்னாங்க?" என்று இரண்டு தடவை கேட்டான்.

மனைவி துண்டை நாற்காலியில் போட்டாள். "அந்த மனுஷனை ஜெயிக்கிறதுக்கு நம்ம பசங்களைத் தோக்கடிச்சிருக்கீங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். மழையோடு மழையாகக் கல்லூரிக்கு ஓடி, மூடியதைத் திறக்கப் பார்த்தார். 'அலுவலக நேரத்தில் மையத்தை அணுகவும்' என்று வந்தது. பூட்ஸுக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை விழா அரங்கம் நிரம்பியிருந்தது. மழையில் வெளியே போக முடியாதவர்கள் எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அட்லஸின் கையில் அறிக்கை. இயக்குநர் அம்மையார் ஒலிபெருக்கிக்கு முன் வந்தார்.

"முதல்ல ஒரு அறிவிப்பு. வடக்கு வாசல் பக்கம் யாரும் போகாதீங்க, முழங்கால் அளவு தண்ணி. கிழக்கு வாசல்ல கணுக்கால்தான். மாணவர்களோட வரைபடத்துல இப்பதான் பார்த்தேன், ரொம்ப துல்லியமா போட்டிருக்காங்க. எல்லாரும் பாருங்க." அவர் கைபேசியைப் பைக்குள் வைத்தார். "இப்ப, அந்த வரைபடம் எப்படித் தோல்வி அடைஞ்சதுன்னு நம்ம புவியியல் சார் வாசிப்பார்."

சிரிப்பு வரும் என்று அட்லஸ் எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அரங்கம் முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. எல்லார் கையிலும் மஞ்சளும் ஆரஞ்சுமாக வெளிச்சம். மூடியதை யாரோ வேறு முகவரியில் திறந்திருக்கிறார்கள்.

வாசிக்கத் தொடங்கினார். தெருவின் ஆழம், தன் ஆழம் என்ற வரிக்கு முன்வரிசையில் 'ஆகா' என்றார்கள். அடுத்த வரிக்கு வந்ததும் தலையைத் தூக்கினார். கடைசி வரிசையில் ஓரமாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தெரிந்தது.

"இது பொய்" என்றார்.

அரங்கம் நிமிர்ந்தது.

"பசங்க சரியாத்தான் அளந்தாங்க. ஒண்ணுகூடத் தப்பில்ல. பரிசுக்காக நான் பொய் எழுதினேன். என் சகா வாங்கினது எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான்."

 முதல்வர் எழுந்து கைதட்டினார். அரங்கமே எழுந்தது. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"பார்த்தீங்களா? இதுதான்! தோல்வியைப் பத்தி மறுசிந்தனை பண்ணினவங்களைப் பார்த்திருக்கோம். மறுசிந்தனையே தோத்துடுச்சுன்னு மறுசிந்தனை பண்றவரை இன்னைக்குத்தான் பார்க்கிறோம். அடுத்த வருஷத்துல இருந்து இதுக்குன்னே தனிப் பிரிவு தொடங்கப்படும். எட்டாவது கேள்வி!"

"மேடம், நான் நிஜமாவே பொய்தான்..."

"போதும் சார், எங்களால தாங்க முடியல" என்றார் அம்மையார். கேடயத்தைக் கையில் திணித்தார்கள். உருக்கம் மட்டும் கைதட்டாமல், தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளுக்கு முன்பு அந்த முகத்தைப் பார்த்திருந்தால் அட்லஸுக்குச் சந்தோஷத்தில் ஒரு வாரம் பசி எடுத்திருக்காது. இப்போது ஒன்றும் தோன்றவில்லை.

பரிசைத் திருப்பித் தர ஒரு படிவம் இருந்தது. 'திருப்பித் தருவதன்வழி தாங்கள் கற்றது யாது?' என்று ஐந்நூறு சொற்கள் கேட்டார்கள். அதை நிரப்பாமல் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, நடையோரம் நின்று கைபேசியில் அந்தப் புது வரைபடத்தைத் திறந்தார். பழையதைவிட நன்றாக இருந்தது. தண்ணீர் வடியும் நேரத்தையும் சேர்த்திருந்தார்கள். கீழே 'அளந்தவர்கள்' என்று ஒரு பட்டியல். இருபத்தாறு பட்டப்பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர்கள் அளந்த தெருக்களின் எண்ணிக்கை. அவர் பெயர் இல்லை.

மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக இரண்டு தடவை படித்தார். நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் கிளம்பியது. பெருமூச்சு விடும் நாற்காலியைப் பார்த்து வந்த அதே எரிச்சல்தான். ஆனால் அப்போது தனக்கு வர வேண்டியது போயிற்று என்று எரிந்தது. இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் எரிந்தது.

படிக்கட்டின் அடியில் பூட்ஸும் நான்கைந்து பேரும் குச்சிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்ககிட்டயெல்லாம் மன்னிப்புக் கேட்கணும்மா."

"மேடையில சொன்னீங்களே சார், கேட்டோம். எல்லாரும் கைதட்டினாங்க."

"கைதட்டினதுக்கு நான் பொறுப்பில்ல."

"எழுதினதுக்கு?"

"அதுக்கு நான்தான். மூடினதுக்கும் நான்தான்."

அவள் குச்சியின் சேற்றைத் துடைத்தாள். அட்லஸுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"அந்தப் பட்டியல்ல... என் பேரு..."

"அளந்தவங்க பேருதான் சார் போடுறோம். நீங்க ஒரு தெருகூட அளக்கலையே."

யோசித்துப் பார்த்தார். உண்மைதான். பலகையில் எத்தனையோ சரிவுகள் வரைந்திருந்தார். ஒரு நாளும் கால் நனைந்ததில்லை.

"இப்ப அளக்கலாமா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூட்ஸ் ஒரு குச்சியை நீட்டினாள். "ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெரு பாக்கி இருக்கு சார். அங்க போக யாருக்கும் பிடிக்கல."

அட்லஸ் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பையன் வாங்கி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டான், மழைக்கு. அந்தத் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. காலுக்கடியில் ஏதோ வழவழவென்று நகர்ந்தது. அவர் குச்சியை ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

"ஐம்பத்தி ரெண்டு!"

"மறுபடி, சார்."

"ஐம்பத்தி அஞ்சு."

"இன்னொரு தடவை."

"ஐம்பத்தி ரெண்டு."

"ஒத்துப்போகலையே. குச்சியைச் சாய்க்காம பிடிங்க, மொதல்ல இருந்து."

ஐந்தாவது சுற்றில்தான் மூன்றும் ஒத்துப்போயின. பூட்ஸ் கைபேசியில் பதிந்து அவரிடம் காட்டினாள். பட்டியலின் அடியில் இருபத்தேழாவதாக 'அட்லஸ் – 1' என்று இருந்தது. உச்சியில் 'பூட்ஸ் – 41'. அட்லஸ் நனைந்த சட்டையோடு அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதற்கு நேர் மேலே இருந்த பெயர் கண்ணில் பட்டது. கொட்டாவி. இரண்டு வருஷமாக அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிய பையன். அவன் பெயருக்கு எதிரே ஒன்பது.

"கொட்டாவி ஒன்பது தெரு அளந்திருக்கானா?"

"ஆமா சார். நேத்து ஒரே நாள்ல."

அட்லஸ் கால்சட்டையை இன்னும் ஒரு மடிப்பு மேலே சுருட்டினார். குச்சியைத் திருப்பித் தரவில்லை.

"அடுத்த தெரு எது?" என்றார்.